வரிப்பெட்டிக்கு ஒரு பூட்டு

மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அந்த அம்மா குப்பையைக் கொட்டக் கீழே இறங்கிய நேரம் பார்த்துக் காற்றடித்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டு, தானாகவே பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே, போன் உள்ளே, அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் போனை வாங்கிப் பூட்டுக்காரனைக் கூப்பிட்டபோது அழுதே விட்டாள். அவன் கொட்டும் மழையில் வந்து, படிக்கட்டெல்லாம் தண்ணீர் சொட்ட மூன்று மாடி ஏறி, பையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகளை எடுத்தான். "ஐயோ அடுப்பு, அடுப்பு" என்று அவள் புலம்பி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, வீடு முழுக்கப் புகை. மற்றபடி ஒரு சேதமும் இல்லை.

"கடவுள் மாதிரி வந்தீங்க தம்பி. உங்களால திறக்க முடியாத பூட்டுன்னு ஒண்ணு இருக்கா?"

வேறொரு நாளில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் போதும், அந்த வாசலிலேயே உட்கார்ந்து தன் பிரதாபத்தை அளந்திருப்பான். நகைக்கடை இரும்புப் பெட்டியிலிருந்து ஆஸ்பத்திரிப் பிணவறைக் கதவு வரை ஒவ்வொன்றாக வந்திருக்கும். அன்றைக்கு அவன் முகம் தொங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு இருக்கும்மா. அதுவும் என் கடையிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு இறங்கினான். அந்த அம்மா அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள்.

கடைக்கு வந்து, ஈரச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வழக்கம்போல நேராகப் பின்னறைக்குப் போனான். மூலையில், சுவருக்குள் பதித்த இரும்புப் பெட்டி. முகப்பின் உச்சியில் உண்டியலுக்கு இருப்பதுபோல ஒரு நீள ஓட்டை. எந்த வேலை முடித்து வந்தாலும் கூலியில் ஒரு பங்கை அந்த ஓட்டையில் போட்ட பிறகுதான் உட்காருவான். இந்த வருஷம் முழுக்க அதுதான் பழக்கம். கை அதன் பாட்டுக்கு நோட்டை மடித்து உள்ளே தள்ளிவிட்டது. தள்ளிய பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டான். உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வழியில்லாமல் தவிக்கிற நாளில், கையில் இருந்ததையும் கொண்டுபோய் உள்ளே போட்டாயிற்று!

அது வரிப்பெட்டி. மாதச் சம்பளக்காரர்களுக்கு வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுக்கிறார்கள். சொந்தத் தொழில் செய்கிறவனுக்குப் பிடிக்க ஆளில்லை. இந்த வருஷம் இவ்வளவு சம்பாதிப்போம் என்று அவனே ஒரு உத்தேசம் போட்டு, அதற்கு உண்டான வருமான வரியை நாலு தவணையாக, வருஷம் முடிவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். தேதி தப்பினால் வட்டி. நாலாவது தவணைக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள். பிற்பகலில் பேங்க் கவுண்டரை மூடிவிடுவார்கள். வரிக் கணக்கு பார்க்கும் அம்மா போன வாரமே செலானை நிரப்பிக் கொடுத்துவிட்டாள். பணமும் குறைவில்லாமல் இருந்தது. ஆனால் பெட்டிக்குள் இருந்தது.

பூட்டுக்காரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொழிலில் சூரன், பணத்தில் ஓட்டைக் கை. போன வருஷமும் வரிக்கென்று மனைவி தனியாக எடுத்து வைத்தாள். அலமாரியில் வைத்துப் பூட்டினாள், திறந்தான். தகரப் பெட்டிக்குள் வைத்துத் தகரப் பெட்டியை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள், இரண்டையும் திறந்தான். பேங்கில் போடலாமென்றால் பேங்க் கார்டு இருப்பது அவன் சட்டைப் பையில். திருட்டுப் புத்தி என்று சொல்லிவிட முடியாது. பழைய வெளிநாட்டுப் பூட்டு ஒன்று விலைக்கு வருகிறது என்பான், கூட்டாளி கஷ்டப்படுகிறான் என்பான், அடுத்த வாரம் திருப்பி வைத்துவிடலாம் என்பான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. நாலு தவணையும் போயிற்று. வருஷக் கடைசியில் மொத்த வரியும் அதற்கு மேல் வட்டியும் வந்து நின்றபோது, சாவி வெட்டும் மெஷினை விற்றுத்தான் கட்டினார்கள். மெஷின் போன நாளிலிருந்து ஒவ்வொரு சாவியையும் அரத்தால் கையாலேயே ராவுகிறான். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய்விட்டது. அவசரக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மெஷின் விற்ற அன்று மனைவி கத்தவில்லை, அழவில்லை. மெஷின் இருந்த மேஜையைத் துடைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மறுநாளே இரும்புத் தகடு வாங்கி வந்து இந்தப் பெட்டியைச் செய்தான்.

என் கைக்கு எட்டாத பூட்டு ஒன்று செய்கிறேன் பார் என்று சபதம் போட்டுச் செய்தது அது. துளைபோட முடியாதபடி முகப்பில் கடினத் தகடு. அறுக்கும் மெஷினை வைத்தால் பொறி பறந்து உள்ளே இருக்கும் நோட்டு கருகிவிடும். சுவரை உடைக்கலாமென்றால் மேல்மாடியில் கட்டடச் சொந்தக்காரர் குடியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவித் துவாரத்தைப் பெட்டியின் வலது ஓரத்தில், மூலைச் சுவரை ஒட்டி வைத்தான். நீளக் கழுத்துச் சாவியை விரல் நுனியால் திருப்பிவிடலாம். கம்பி போட்டுத் திறக்க வேண்டுமென்றால் வலது கையைக் கொண்டுபோக இடமில்லை, முழங்கை சுவரில் முட்டும். ஒரே ஒரு சாவி. அதை மனைவி கையில் கொடுத்து, "இனிமே நானே நினைச்சாலும் முடியாது" என்றான். அவள் அதைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். மூன்று தவணை தேதி தப்பாமல் கட்டியாயிற்று. நாலும் ஒழுங்காகக் கட்டிய ரசீதைக் கொண்டுவந்து காட்டினால் புது மெஷினுக்குக் கடன் தருவதாகப் பேங்க் மேனேஜரும் சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத் தங்கைக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போனாள் மனைவி. கடைசி நாளுக்கு முந்தின நாளே திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. மழை பிடித்துக்கொண்டது. பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, பஸ் ஓடவில்லை. சாவி பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் அவளே போன் செய்தாள்.

"என்னங்க, இங்க இடுப்பளவு தண்ணி. நாளைக்குத்தான் வர முடியும்போல. நீங்களே பெட்டியைத் திறந்து கட்டிடுங்க."

"சாவி இல்லாம எப்படி?"

"விளையாடாதீங்க. ஊரான் வீட்டுக் கதவெல்லாம் கண்ணை மூடிகிட்டே திறக்கறீங்க. நான்தான் திறக்கச் சொல்றேனே, சத்தியத்தை மீறினதா ஆகாது."

"சத்தியத்துக்காக இல்லம்மா. நெசமாவே திறக்க முடியல. விடியற்காலையில இருந்து பார்த்துட்டேன்."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான் கேட்டது. அவள் பக்கத்து மழையா, தன் பக்கத்து மழையா என்று தெரியவில்லை.

"உங்களாலயா முடியல?"

"ஆமா."

"ஏங்க..." அவள் குரல் இறங்கிப்போனது. "உள்ள பணம் இருக்குல்ல?"

அவனுக்குச் சுருக்கென்றது. "என்ன கேள்வி இது? இருக்கு."

"திறக்கவே முடியாதுங்கறீங்க. இருக்குன்னும் சொல்றீங்க. போன வருஷமும் கடைசி நாள் வரைக்கும் இருக்கு இருக்குன்னுதான் சொன்னீங்க."

"இது வேறம்மா..."

"சரி. வைக்கறேன்." வைத்துவிட்டாள்.

அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். எந்தப் பூட்டையும் திறப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், வரி கட்ட வேண்டிய நாளில் வந்து, அதுவும் தன் பெட்டியைத் திறக்க முடியவில்லை என்றால் எந்தப் பைத்தியம் நம்பும்? டீக்கடைக்காரரிடம் கேட்டால் பணம் புரட்டித் தருவார். ஆனால் கடன் வாங்கிக் கட்டிவிட்டால் பெட்டி காலி என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மெஷின் வரும், மனைவியின் நம்பிக்கை போய்விடும். அவள் வந்து சாவியைப் போட்டுத் திறந்து பார்க்கிற வரைக்கும் இன்னொரு ராத்திரி அந்தச் சந்தேகத்தோடு படுத்திருப்பாள். மெஷின் விற்ற அன்று படுத்திருந்த மாதிரி.

இதற்கு நடுவில்தான் முட்டை வெடித்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். போய் வந்தாயிற்று. இப்போது மறுபடியும் பெட்டி முன்னால் உட்கார்ந்தான். வலது கையை மூலைக்குள் திணித்துப் பார்த்தான். முழங்கை சுவரில் உரசித் தோல் போனதுதான் மிச்சம். இடது கையில் கம்பியைப் பிடித்தான். இடது கை அவனுக்கு டார்ச் பிடிக்க மட்டும்தான் உதவும். கம்பி உள்ளே எங்கே போகிறது, எதைத் தொடுகிறது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. பூட்டு அசையவே இல்லை. என்ன பாவம் செய்தோமோ, இவ்வளவு நல்ல பூட்டைச் செய்து தொலைத்தோமே என்று நொந்துகொண்டான்.

அப்போதுதான் அண்ணன் நினைவு வந்தது. சரியாகச் சொன்னால், காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தது, அவன்தான் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான்.

அண்ணன் இடதுகைக்காரர். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கடை வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் கதவில் கீறல் விழுந்திருக்கிறது என்று சண்டைக்கு வந்தார். தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அது எங்க அண்ணன் போட்ட பூட்டுங்க. பீச்சாங்கை வேலை, அப்படித்தான் இருக்கும்" என்றான். கடையில் நின்றிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் கருவிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு போய், மார்க்கெட்டுக்குப் பின்னால் தனிக்கடை போட்டுவிட்டார். அதன் பிறகு உறவுக்காரர் வீடுகளில் பார்த்தால் "சாப்டியா", "சாப்டேன்", அதோடு சரி. மனைவிமார் இரண்டு பேரும் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலத் தினமும் போனில் பேசிக்கொள்வார்கள்.

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மார்க்கெட் தெருவில் சாக்கடையும் மழைத் தண்ணீரும் ஒன்றாகி ஓடிக்கொண்டிருந்தன. காய்கறிக்காரர்கள் கூடைகளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு திட்டியபடி ஒதுங்கினார்கள். அண்ணன் கடை வாசலுக்கு வந்ததும் அவன் கால் தயங்கியது. அண்ணிதான் பார்த்தாள்.

"வாங்க தம்பி. ஏன் மழையில நிக்கறீங்க? உள்ள வாங்க."

அண்ணன் மேஜையில் ஒரு பழைய கைப்பூட்டைப் பிரித்துப் போட்டுப் பல்துலக்கும் பிரஷால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"சாப்டியா?"

"இல்லண்ணே."

இந்த வழக்கமான கேள்விக்கு வழக்கமில்லாத பதில் வந்ததும் அண்ணன் நிமிர்ந்தார். அண்ணி உள்ளே போய் ரொட்டியைச் சுட்டு, முட்டையை ஊற்றி, தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். டீயும் வந்தது. பசி காதை அடைத்திருந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"உங்க வீட்டுக்காரி பேசினா தம்பி" என்றாள் அண்ணி. "அழுதா."

கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். "அண்ணி, சத்தியமா நான் எடுக்கல."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எடுக்கலன்னா பெட்டி சொல்லட்டும்."

"பெட்டி வாயைத் திறந்தாத்தானே! அண்ணே, சாவித் துவாரத்தை வலது ஓரமா சுவரை ஒட்டி வச்சிட்டேன். என் கை போகமாட்டேங்குது."

அண்ணன் பூட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். "யாரு கை போகக் கூடாதுன்னு அங்க வச்சே?"

"என் கைதான்."

"அப்ப சரியாத்தானே செஞ்சிருக்கே. வேலை சுத்தம்."

"அண்ணே, கிண்டல் பண்ணாதே. நீ வந்து கொஞ்சம் பாரேன்."

"நானா? நான் எதுக்கு? கீறல் விழுந்துடப் போகுது."

அண்ணி தட்டை எடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றாள். பூட்டுக்காரனுக்குக் காதெல்லாம் சூடாயிற்று. வருகிற வழியெல்லாம் என்னென்னவோ ஒத்திகை பார்த்திருந்தான். அதையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னான்.

"நான் அன்னைக்குப் பேசினது தப்புண்ணே. அந்தக் கீறல் நீ போட்டதும் இல்ல. நான் கதவைத் தூக்கறப்ப என் ஸ்குரூ டிரைவர் பட்டது. எனக்கு அப்பவே தெரியும். ஆள் சத்தம் போட்டதும் பயத்துல உன் தலையில கட்டிட்டேன்."

"தெரியும்" என்றார் அண்ணன்.

"தெரியுமா?"

"கீறல் வலது பக்கத்துலேருந்து இழுத்திருந்துச்சு. என் கை அப்படி இழுக்காது." பிரஷைக் கீழே வைத்தார். "நீ சொன்னது கூடப் பரவாயில்லடா. எல்லாரும் சிரிச்சப்ப நீயும் சேர்ந்து சிரிச்சே பாரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுடுண்ணே."

அண்ணன் ஒரு துணியை எடுத்து விரல் விரலாகக் கையைத் துடைத்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "கவுண்டர் மூடறதுக்குள்ள போகணும்னா இப்படி உட்கார்ந்து அழுதுகிட்டு இருந்தா எப்படி? எழுந்திரு." மேஜைக்குக் கீழே கையை விட்டுக் கருவிச் சுருட்டை எடுத்தார். கட்டி, முடிச்சுப் போட்டு, தயாராக வைத்திருந்தது.

"காலையில போன் வந்ததுமே கட்டி வச்சிட்டாரு" என்றாள் அண்ணி. "வந்து கூப்பிடறானா பார்க்கறேன்னு அந்தத் துருப்பிடிச்ச பூட்டையே தேய்ச்சுகிட்டு இருக்காரு. அதுக்குச் சாவியும் கிடையாது, ஆளும் கிடையாது."

"நீ சும்மா இரு" என்று அவளை அதட்டிவிட்டு அண்ணன் குடையை விரித்தார்.

போகிற வழியில் ஒரே குடைக்குள் இரண்டு பேரும் பாதி பாதி நனைந்தார்கள்.

"நீ கட்டிட்டியாண்ணே, வரி?"

"நான் முதல் வாரமே கட்டிடுவேன். உன்ன மாதிரி கடைசி நாள்ல ஓட முடியாது. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு."

"எப்படிண்ணே, கை வைக்காம இருக்கே?"

"பணத்தை வாங்கறது உங்க அண்ணி. எனக்குக் கொடுக்கறது டீக்காசு. கை வைக்க எங்க இருக்கு?"

பின்னறையில் அண்ணன் பெட்டி முன்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். உடனே கம்பியை எடுக்கவில்லை. தகட்டைத் தட்டிப் பார்த்தார், ஓரத்தை விரலால் தடவினார், டார்ச் அடித்துத் துவாரத்துக்குள் பார்த்தார். தம்பி மெதுவாகப் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டு, அவள் பேசுவது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"அண்ணன் வந்திருக்காரும்மா. திறக்கப் போறாரு. நீ போனை வைக்காதே. என்ன நடக்குதுன்னு கேட்டுகிட்டே இரு."

"மாமாவா?" அவளால் நம்ப முடியவில்லை. "நீங்களா போய்க் கூப்பிட்டீங்க?"

"அவன்தாம்மா வந்தான்" என்றார் அண்ணன். "நல்ல பூட்டு. யாரோ பெரிய திருடனுக்குப் பயந்து செஞ்சிருக்காங்க."

"அந்தத் திருடன் பக்கத்துலதான் டார்ச் பிடிச்சுகிட்டு நிக்கறான்" என்றான் பூட்டுக்காரன்.

அண்ணனின் இடது கை மூலைக்குள் சாவகாசமாகப் போய் உட்கார்ந்தது. சுவர் அந்தக் கையை ஒன்றும் செய்யவில்லை. வலது கை கீழேயிருந்து ஒரு கம்பியை லேசாக அழுத்திப் பிடித்துக்கொள்ள, இடது கை உள்ளே தேடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேலை செய்யும்போது அவர் அப்படித்தான், தம்பிக்கு மறந்துபோயிருந்தது. மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். வாசல் தகரக் கூரையில் மழை சடசடத்தது. போனுக்குள் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது.

"இறுக்கமா இருக்குடா" என்றார் அண்ணன் கண்ணைத் திறக்காமல்.

"முடியாதாண்ணே?"

"முடியாதுன்னு யார் சொன்னா? இறுக்கமா இருக்குன்னேன்."

மறுபடி தேடினார். கம்பி ஒரு முறை வழுக்கியது. வெளியே எடுத்து, நுனியை வளைத்து, மறுபடி உள்ளே விட்டார். பூட்டுக்காரன் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனான். பூட்டு திறக்காதோ என்ற பயம் ஒரு பக்கம். திறந்து உள்ளே காலியாக இருந்தால் என்ற பயம் இன்னொரு பக்கம். தான் எடுக்கவில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் போன வருஷம் எத்தனையோ முறை எடுத்தவன் கைதானே இது, தூக்கத்தில் ஏதாவது செய்திருக்குமோ என்று ஒரு கணம் அவன் கை மேல் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உள்ளே 'க்ளக்' என்றது. அண்ணன் கதவை இழுத்தார்.

நோட்டுகள் முதலில் அவர் மடியில் விழுந்தன. பிறகு தரையில். நாலாக மடித்தவை, எண்ணெய்க் கறை பட்டவை, காலையில் போட்ட ஈர நோட்டு, இடையில் சில்லறைகள் உருண்டு மேஜைக்கடியில் ஓடின.

"என்ன சத்தம் அது? என்னங்க? மாமா?"

பூட்டுக்காரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அண்ணன்தான் போன் பக்கம் குனிந்தார்.

"பணம் கொட்டற சத்தம்மா. பெட்டி நிறைய இருக்கு. உன் வீட்டுக்காரன் கை வைக்கல. நான் சாட்சி."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம். "அவரு அழறாரா மாமா?"

"பின்னே? குழாயைத் திறந்து விட்டிருக்கான்."

"அப்புறமா அழச் சொல்லுங்க. கவுண்டர் மூடிடுவாங்க. முதல்ல ஓடச் சொல்லுங்க."

தரையில் உட்கார்ந்து இரண்டு பேருமாக நோட்டுகளை நீவி அடுக்கினார்கள். தவணைக்குப் போக மிச்சமும் இருந்தது. அண்ணன் மடித்த நோட்டைப் பிரித்துப் பிரித்து, "ஏண்டா, ரோஜாப்பூ மாதிரி மடிச்சிருக்கே, நேரா போட்டா என்னவாம்?" என்று கடிந்துகொண்டார். பணத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, செலானோடு சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்கள். ரத்தக் கொதிப்புக்காரர் முன்னால் ஓடினார்.

பேங்கில் காவலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார். அந்த ஷட்டருக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்தவன் பூட்டுக்காரன்தான். "ஐயா, ஒரே நிமிஷம்" என்று குனிந்து நுழைந்தான். "உங்களுக்குன்னா திறக்கணுமா என்ன, மூடியிருந்தாலும் வந்துடுவீங்களே" என்று காவலாளி சிரித்தார். வரிசையில் அவனைப் போலவே கடைசி நாள் ஆட்கள்தான் நின்றிருந்தார்கள். ஒரு போட்டோக்காரர், ஒரு பல் டாக்டர், தலையெல்லாம் மர இழை ஒட்டிய ஒரு தச்சர். யார் முகத்திலும் களை இல்லை. இவன் ஒருவன்தான் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"வருஷம் முழுக்க நேரம் இருக்கு. எல்லாருக்கும் இன்னைக்குத்தான் ஞாபகம் வரும்" என்றபடி கவுண்டர் அம்மா ஈர நோட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். மெஷின் படபடவென்று எண்ணியது. சீல் விழுந்தது. செலானின் பாதி அவன் கைக்கு வந்தது. தேதியைப் பார்த்தான். இன்றைய தேதி. திரும்பத் திரும்பப் பார்த்தான். வருஷம் முழுக்க மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து வெளியே போய்விட்டது. நாலு தவணையும் தேதி தப்பாமல் கட்டியாயிற்று! கவுண்டர் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கலாம்போல இருந்தது, கண்ணாடி தடுத்தது.

வெளியே டீக்கடையில் ஒதுங்கினார்கள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து இடது கையால் எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

"என்னண்ணே இது?"

"நேர்ல வந்து பெட்டி திறந்த கூலி. அண்ணன் தம்பின்னா ஓசியா?"

"ஓசின்னு யார் சொன்னா?" அவன் மிச்சப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான். "இதை நான் கடைச் செலவுல காட்டுவேன்."

"காட்டு. நான் வருமானத்துல காட்டணும், இதுக்கும் வரி கட்டணும். உனக்குப் பூட்டைத் திறந்தது பத்தாதுன்னு இது வேற" என்று சலித்துக்கொண்டே வாங்கிப் பையில் வைத்தார். டீக்கும் அவர்தான் காசு கொடுத்தார்.

மறுநாள் மதியம் தண்ணீர் வடிந்து பஸ் விட்டார்கள். மனைவி முழங்கால் வரை சேற்றோடு நேராகக் கடைக்கு வந்தாள். பையைக் கீழே வைக்காமலே பின்னறைக்குப் போய், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, சாவியைப் போட்டு, முந்தின நாள் அண்ணன் மறுபடி பூட்டிவிட்டுப் போயிருந்த பெட்டியைத் திறந்தாள். மிச்சப் பணம் நேராக அடுக்கி இருந்தது. மேலே நாலு ரசீது. நாலாவதை எடுத்துத் தேதியைப் படித்தாள். அதை மார்பில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க."

"கேட்டதுல தப்பே இல்ல. போன வருஷமே அப்படிக் கேட்டிருந்தா மெஷின் நம்மகிட்டயே இருந்திருக்கும்."

"மெஷினுக்கு நாளைக்கே மேனேஜரைப் போய்ப் பார்ப்போம். உங்க விரலைப் பார்க்கச் சகிக்கல." அவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாத்தியிருந்த புதுத் தகட்டைப் பார்த்தாள். பெட்டியின் முகப்பில், சாவித் துவாரத்துக்கு இடது பக்கமாக, சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தது.

"இது என்ன?"

"பூட்டுல ஒரு ஓட்டை இருக்குன்னு நேத்துதான் தெரிஞ்சுது. இடது கை ஈசியா உள்ள போகுது. அந்தப் பக்கமும் ஒரு தகடு நிறுத்திட்டா அண்ணனாலகூட முடியாது. காலையிலேயே வெட்டி வச்சிட்டேன்."

மனைவி ரசீதை மறுபடி உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பி எடுத்தாள்.

"வேண்டாங்க. அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் சேற்றுக் காலைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டாள். தகட்டை எடுத்துப் பழைய இரும்புகளோடு போட்டான். பிறகு சாக்பீஸ் கோட்டை அழிக்கக் குனிந்தான். வலது கை சுவரில் முட்டியது. இடது கையால்தான் அழிக்க முடிந்தது.